எந்த இடத்தில எழும்பினனீங்கள்?

“கடைசிப் பாட்டைக் கதிரையளுக்குத்தான் பாடப் போறாய், பிள்ளை.”

ஓர்ஸ் ஹில் மண்டபத்தின் காவலாளி, சாவிக்கொத்தை என் கையில் தரும்போது சொன்ன வார்த்தை இது. அவர் பொல்லாத மனிதர் இல்லை. பட்டிமன்றம், பரிசளிப்பு, பிரிவுபசாரம் என்று எத்தனையோ கூட்டங்களுக்குக் கதிரை போட்டு, கூட்டம் முடியுமுன்பே அதே கதிரைகளை அடுக்கி வைத்தவர். எங்கள் ஊர்ச் சனம் எதையும் கடைசிவரை இருந்து பார்க்காது என்பது அவர் கண்ட உண்மை. கலியாண வீடு மட்டும் வேறு, அங்கே சாப்பாடு கடைசியில்தான் வரும் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். உப்புவெளியில் கடலுக்குப் போகும் அப்பா இன்றைக்கும் கைநாட்டு வைப்பவர். அம்மா எந்த பஸ் என்பதை அதன் நிறத்தை வைத்து அடையாளம் காண்பவர். ‘உன்னால் ஏலாது’ என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் பரீட்சை முடிவுகளால் பதில் சொல்லிப் பழகியவள் நான். ஆனால் பாட்டுக் குழுவுக்குப் பரீட்சை முடிவு வராது. சனம் இருந்து கேட்டால் பாஸ். எழும்பிப் போனால் பெயில். அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர். பாட்டு எழுதிப் பாடுவது நான். கிட்டார், கிண்ணியா ரிஸ்வான். டிரம்ஸ், நான் எழுத வந்திருக்கும் இவள். குழுவின் பெயர் ஆழ்துறை. எங்கள் துறைமுகத்தைப் போல ஆழமாக இருக்க வேண்டும் என்று நான் யோசித்து வைத்த பெயர். “ஆழம் சரி. கப்பல் வருமா?” என்று கேட்டவள் அவள்.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், இதை வாசிப்பவர்களில் யார் எந்தப் பந்தியில் மூடி வைத்தார்கள் என்று தேடிப்போய் விசாரிக்கத் தொடங்கிவிடுவாள்.

அவள் தாதியர் பயிற்சி முடித்துவிட்டு நியமனக் கடிதத்துக்காகக் காத்திருந்தவள். சின்ன வயதிலேயே மாதா கோயில் திருநாள்களில் பாண்ட் வாத்தியக்காரர்களோடு நடந்து நடந்து மேளம் பழகியவள். அதனாலோ என்னவோ, அவளால் ஓரிடத்தில் இருந்து அடிக்க முடியாது. முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கண்கள் அதைவிட ஆடும். மேடையிலிருந்து நான் முகங்களைப் பார்ப்பேன். அவள் முதுகுகளைப் பார்ப்பாள்.

இது எனக்குத் தெரிய வந்தது எங்கள் முதல் நிகழ்ச்சியில்தான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். சனம் வந்திருந்தது என்று சொல்லலாம். ரிஸ்வானின் உறவுக்காரர்கள், என்னோடு படித்தவர்கள், சுவரொட்டியைப் பார்த்து வந்த முன்பின் தெரியாத சிலர். அப்பா கதிரையில் இருக்காமல் கதவடியில் நின்றார். முதல் இரண்டு பாட்டுக்கும் கைதட்டல் கிடைத்தது. மூன்றாவது பாட்டில் அப்பாவைக் காணவில்லை. நாலாவதில் பின்வரிசை எழும்பியது. ஐந்தாவதின் நடுவில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குனிந்து மெதுவாக வெளியே போனது. திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. குச்சிகள் இரண்டும் கதிரையில் கிடந்தன. அவள் அந்தப் பிள்ளையின் பின்னால் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

ரிஸ்வான் என்னைப் பார்த்தான். நான் ரிஸ்வானைப் பார்த்தேன். இரண்டு பேரும் பாட்டை எப்படியோ முடித்தோம். காவலாளி பின்பக்கமிருந்து கதிரை அடுக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு கதிரையும் மற்றதில் விழும் சத்தம் அவளுடைய தாளத்தைவிடத் திருத்தமாக இருந்தது.

“பாட்டு நடக்கேக்க எங்கயடி ஓடினனீ?” என்று மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்தேன்.

“அந்தப் பிள்ளை எழும்பிட்டுது.”

“எழும்பினா எழும்பட்டும். நீ என்ன பஸ் கொண்டக்டரா?”

“பஸ்தான்டி பிரச்சினை! கிண்ணியாக்குக் கடைசி பஸ்ஸாம். மகரிபுத் தொழுகைக்குள்ள வீட்ட நிக்கோணுமாம். பாட்டு நல்லாத்தான் இருக்காம், ஆனா இருக்க ஏலாதாம்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. முகமோ ஏதோ புதையல் கண்டவளைப் போல இருந்தது. “நாங்கள் ஏன் இவ்வளவு பிந்தித் தொடங்கிறம்? ரெண்டரைக்குத் தொடங்கினா என்ன?”

“ரெண்டரைக்கு வெயில் கொளுத்தும்,” என்றேன்.

“வெயிலுக்குக் குடை இருக்கு. பஸ்ஸுக்கு என்ன இருக்கு?”

ரிஸ்வான் தலையைச் சொறிந்தான். “நான் கரண்ட் போயிட்டுது எண்டெல்லோ நினைச்சன்,” என்றான்.

அதற்குப் பிறகு எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் இரண்டரைக்குத் தொடங்கின. இரவு வெளிச்சமும் புகையும் இல்லாமல் பட்டப்பகலில் பாடும் குழு என்று சிலர் கேலி செய்தார்கள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். தனியே விட மாட்டோம் என்று கூடவே காவலுக்கு வந்த அண்ணன்மார், அவர்கள் பேச்சில் நானாமார்கள், முதலில் வாசலில் நின்றார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். கொஞ்ச நாளில் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றாலும் நானா மட்டும் வந்தார்.

எழும்பிப் போகிறவரை அவள் ஒருநாளும் ‘நல்லா இருந்துதா?’ என்று கேட்டதில்லை. “அப்பிடிக் கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவினம். எங்கட சனம் மரியாதையான சனம்,” என்பாள். அவளுடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். “எந்த இடத்தில எழும்பினனீங்கள்?” இந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அது குறை கேட்கும் கேள்வி இல்லை. வழி கேட்பதைப் போன்ற கேள்வி.

அப்படிக் கேட்டு அவள் கொண்டுவந்த பதில்கள் பலவிதம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் சொன்னார்: “மூண்டாம் பாட்டிலயும் அழுகிறியள், பிள்ளையள். அழுகிறதுக்கு எனக்கு வீட்டிலயே ஆள் இருக்கு.” நாங்கள் பாட்டுகளின் வரிசையை மாற்றினோம். ஒரு இளந்தகப்பன், பெரிய வெண்கலத் தட்டை அடித்த இடத்தில் தன் குழந்தை வீரிட்டதாகச் சொன்னான். அடுத்த நிகழ்ச்சிக்கு அவள் அந்தத் தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். “தட்டில்லாமல் என்ன டிரம்ஸ்?” என்று ரிஸ்வான் சண்டை பிடித்தான். “பிள்ளை வளரட்டும்,” என்றாள். பிள்ளை வளர்ந்தது. ஒருநாள் மேடைக்குக் கீழே வந்து நின்று, “அந்தப் பெரிய தட்டு எங்க?” என்று தானே கேட்டது. அடுத்த சனிக்கிழமை அவள் அதைத் திரும்ப மாட்டி அடித்த அடி ஓர்ஸ் ஹில் முழுக்கக் கேட்டிருக்கும்.

பிழையும் விட்டிருக்கிறாள். ஒருமுறை நல்ல பாட்டொன்றின் நடுவில் ஒரு பெடியனைத் துரத்திக்கொண்டு ஓடி, மண்டபத்தின் பின்பக்கத்தில் மறித்துவிட்டாள்.

“தம்பி, எந்த இடத்தில எழும்பினனீங்கள்? ஏன்?”

“அக்கா, ஒண்டுக்கு அக்கா.”

அவன் இன்றைக்கும் எங்கள் ரசிகன். எழும்பும்போதெல்லாம் மேடையைப் பார்த்துச் சுண்டுவிரலைக் காட்டிவிட்டுத்தான் போவான். முழு மண்டபமும் சிரிக்கும்.

அவளுடைய இந்தக் குணம் மேடையோடு நிற்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். எங்கள் வீட்டில் ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் புதிதாக எழுதிய பாட்டைப் பற்றி அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அப்பா சாப்பிட்ட கோப்பையோடு எழும்பி, அதைக் கழுவக் குசினிப் பக்கம் போனார். அவளும் கோப்பையோடு பின்னால் போனாள்.

“அங்கிள், அண்டைக்கு மண்டபத்திலயும் மூண்டாம் பாட்டில எழும்பினனீங்கள். இண்டைக்கும் பாட்டுக் கதை வரேக்க எழும்பிட்டீங்கள். ஏன்?”

அப்பா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சொன்னார். “பிள்ளை கதைக்கேக்க எங்கட பிள்ளை. பாடேக்க ஆரோ பெரிய இடத்துப் பிள்ளை. விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நிக்கிறது சரியில்லைத்தானே. அதுதான் வெளியில வந்திட்டன்.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

படித்த பிள்ளை என்று ஊர் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் செதுக்கி எழுதியவள் நான். என் பாட்டில் அலை ‘ஆர்ப்பரித்தது’. நிலா ‘நாணியது’. கடலில் இரவு முழுக்க நிற்கும் மனிதருக்கு நான் எழுதிய கடல் விளங்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. எனக்குப் பாட்டு வருவதே கோபத்தில்தான்.

“வாசலில ஆர் ஆர் உனக்கு என்ன சொன்னவை? எல்லாத்தையும் சொல்லு,” என்று அவளைக் கதிரையில் இருத்தினேன்.

அவளுக்கு ஒவ்வொருவர் சொன்னதும் அப்படியே மனப்பாடம். குரலைக்கூட மாற்றிச் சொன்னாள். இருக்க ஏலாது, பஸ் போயிடும். இருக்க ஏலாது, வாப்பா தேடுவாரு. நிக்க ஏலாது, மாமிக்கு மருந்து குடுக்கோணும். ஏலாது அக்கா, நாளைக்குப் பரீட்சை. ஏலாது தங்கச்சி, முழங்கால் நோகுது. கேட்டுக்கொண்டே போனபோது நான் பேனாவை எடுத்தேன். பாட்டு அங்கேயே இருந்தது. எழும்பிப் போனவர்கள் ஆளுக்கொரு வரியை வாசலில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

‘ஏலாது’ பாட்டு அப்படி வந்ததுதான். நான் ஒரு வரியைக் கேள்வியாகப் பாடுவேன், சனம் பதில் சொல்லும். “கொஞ்சம் இரு எண்டா?” “ஏலாது!” “பிறகு வா எண்டா?” “ஏலாது!” கடைசி வரிதான் திருப்பம். “இப்ப எழும்பிப் போ எண்டா?” அதற்கும் அதே பதில்தான்.

ஒருநாள் உள்துறைமுகப் பக்கம் நடந்து போகும்போது அவளிடம் கேட்டேன், ஏனடி உனக்கு இந்தப் பைத்தியம் என்று. ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எங்கட அப்பா ஒருநாள் காலமை சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர். எல்லாரும் பாத்துக்கொண்டுதான் இருந்தம். எங்க போறீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. பிறகு அவர் வரேல்ல.”

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் கையை உதறிவிட்டாள்.

“உடன கதை கட்டாதை. அதுக்கும் இதுக்கும் ஒண்டும் இல்லை. எனக்குச் சும்மா அறிய ஆசை.”

நான் கதை கட்டவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

மண்டபக் காவலாளி ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சனிக்கிழமைகளில் மண்டபத்தை டியூசன் வகுப்புக்குக் கேட்கிறார்களாம். நிர்வாகத்தில் இரண்டு பேர் வந்து எங்கள் அடுத்த நிகழ்ச்சியைப் பார்ப்பார்களாம். “பாதியில சனம் எழும்பிச்சுது எண்டா டியூசனுக்குத்தான் போகும். நான் என்ன செய்ய, பிள்ளை?” அவர் குரலில் பழைய சிரிப்பு இல்லை. எங்களுக்கு வேறு மண்டபம் இல்லை. அதை விட்டால் குழு வீட்டு முற்றத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

நான் புதுப் பாட்டு எழுத உட்கார்ந்தேன். அவள் பஸ் நிலையத்துக்குப் போனாள். கிண்ணியாக் கடைசி பஸ் டிரைவரோடு ஒரு மணித்தியாலம் வாய்கொடுத்திருக்கிறாள். அவர் ஓர்ஸ் ஹில் வழியாகச் சுற்றி வந்து மண்டபத்து வாசலில் ஆட்களை ஏற்ற வேண்டும் என்பது அவள் கேட்டது. “தங்கச்சி, இது என்ர வாப்பாட காரா?” என்று கேட்டவர், எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அவள் சொன்னதும் யோசிக்கத் தொடங்கினாராம். வந்து நின்றதும் ஹோர்ன் அடிப்பதாகப் பேச்சு. ஹோர்ன் கேட்கும்வரை யாரும் மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை கதிரை போதவில்லை. நிர்வாகத்தினர் இரண்டு பேரும் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அப்பா வழக்கம்போலக் கதவடியில். மூன்றாம் பாட்டு வந்தபோது நான் கதவைப் பார்க்கப் பயந்து கூரையைப் பார்த்துப் பாடினேன். பாட்டு முடிந்து கீழே பார்த்தேன். அவர் அங்கேதான் நின்றார். நான் பாடியது அவருடைய கடல். அவர் பேசும் பேச்சில்.

‘ஏலாது’வைக் கடைசிக்கு வைத்திருந்தோம். பாதிப் பாட்டில், வெளியே வாசலில், நீளமாக ஹோர்ன் அடித்தது.

பலருடைய கைகள் பைகளைத் தேடின. நான் அடுத்த வரியை மறந்துவிட்டேன். எல்லோரும் எழும்பப் போகிறார்கள். நிர்வாகத்தினரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் பின்னால் அவள் மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தாள். நடுமண்டபத்திலிருந்து, முதல் நிகழ்ச்சியில் குனிந்து வெளியே போன அதே கிண்ணியாப் பிள்ளை, வாசல் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஏலாது!”

அடுத்த கணம் முழு மண்டபமும் வாசலைப் பார்த்துச் சொன்னது. “ஏலாது!” ஹோர்ன் இன்னொரு தரம் அடித்தது. “ஏலாது!” பெடியன்கள் கதிரையில் தாளம் போட்டார்கள். துறைமுகத்து ஐயா தடியால் நிலத்தில் இடித்தார். வெளியே பஸ் என்ஜின் நின்றது. டிரைவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று பார்க்க உள்ளே வந்தார். அடுக்குவதற்காகக் கையில் ஒரு கதிரையைத் தூக்கிவைத்திருந்த காவலாளி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, கடைசியில் டிரைவருக்குப் போட்டுக்கொடுத்தார்.

“இரு தம்பி. ரெண்டு வரிதான் கிடக்கு.”

“இப்ப எழும்பிப் போ எண்டா?” என்று பாடினேன். பதிலை நான் எழுதத் தேவையில்லை. பஸ் மகரிபுக்கு முன்பே கிண்ணியா போய்ச் சேர்ந்தது. டியூசன் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

அதற்குப் பிறகு எங்கள் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் வந்தது. வேறெந்தக் குழுவுக்கும் இப்படி இருக்காது என்று நினைக்கிறேன். இடையில் போக வேண்டியவர்கள் முன்கூட்டியே அவளிடம் வந்து லீவு கேட்பார்கள். “அக்கா, நாலாம் பாட்டில எழும்புவன், கோவிக்காதீங்கள், அண்ணன்ர மகளுக்குப் பிறந்தநாள்.” அவள் தலையை ஆட்டி அனுமதி கொடுப்பாள். போகிறவர் போகும்போது கைகாட்டுவார். அவள் ஒரு உருட்டு அடித்து வழியனுப்புவாள். அடுத்த சனிக்கிழமை அவர் முதல் ஆளாக வந்து நிற்பார்.

அப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு நியமனக் கடிதம் வந்தது. மன்னார். எங்களுக்குச் சொல்லிவிட்டு, பாட்டுப் பயிற்சியில் வழக்கத்தைவிட வேகமாக அடித்தாள். ரிஸ்வான் இரண்டு தடவை தந்தியை அறுத்தான்.

அவள் பஸ் ஏறிய காலை, வழியனுப்பும் ஆள் நான் இல்லை என்று வீட்டில் படுத்திருந்தேன். பிறகு சைக்கிளை எடுத்து மிதித்தேன். பஸ் நிலையத்தில் பஸ் பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. யன்னலோரம் அவள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். நூற்றுக்கணக்கான பேர் பார்க்கக் கத்தினேன்.

“எந்த இடத்தில எழும்பினனீ?”

அவள் யன்னலால் பாதி வெளியே வந்துவிட்டாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“நடுவிலயடி! நல்ல பாட்டின்ர நடுவில!”

“ஏன்?”

“சனிக்கிழமை டியூட்டியாம்! புதன்தான் லீவாம்!”

பஸ் போய்விட்டது. கொண்டக்டர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நான் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். அவள் சொன்ன பதிலைத்தான் யோசித்தேன். பிந்தித் தொடங்கினால் முந்தித் தொடங்கலாம். தட்டு பயமுறுத்தினால் கழற்றலாம். வார்த்தை விளங்காவிட்டால் மாற்றலாம். சனிக்கிழமை ஏலாது, புதன் ஏலும் என்றால்?

அவள் போன பிறகு சில சனிக்கிழமைகள் டிரம்ஸ் இல்லாமலே பாடினோம். அவள் இருந்த கதிரையில் யாரும் இருக்கவில்லை. தாளத்தைச் சனமே கையால் தட்டியது. அந்தச் சனத்திடம்தான் கடைசியில் கேட்டேன், புதன்கிழமை எத்தனை பேருக்கு ஏலும் என்று.

இதை நான் பஸ்ஸில் இருந்து கைப்பேசியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை. வவுனியாவும் முருங்கனும் பின்னால் போய்விட்டன. ஓட்டுபவர் கிண்ணியாக் கடைசி பஸ் டிரைவர். இன்றைக்குத் தன் பஸ்ஸை எங்களுக்கு விட்டிருக்கிறார். பின்சீட்டுகளில் அவளுடைய டிரம்ஸ், பெரிய தட்டு உட்பட, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. மிச்சச் சீட்டெல்லாம் புதன் ஏலும் என்று சொன்ன எங்கள் சனம். மன்னாரில் ஒரு கோயில் மண்டபம் இரண்டரைக்கு எங்களுடையது. சாவிக்கும் சொல்லி வைத்தாயிற்று. எங்கள் நிகழ்ச்சி இருப்பது அவளுக்குத் தெரியும், கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். டிரம்ஸ் அடிக்கப்போவது தான்தான் என்பது தெரியாது.

காவலாளி முன்சீட்டில் இருக்கிறார். கதிரை அடுக்கவா வாறீங்கள் என்று ஏறும்போது கேட்டேன். “அடுக்க இல்லை, பிள்ளை. அங்க கதிரை போதாமல் போனா ஆர் போடுறது?” என்றார். அப்பா இன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. நடுவரிசையில் யன்னலோரமாக இருக்கிறார். நினைத்தவுடன் எழும்பிப் போக ஏலாத இடம். அவரே தேடி எடுத்தது.

தள்ளாடி தெரிகிறது. இருபக்கமும் தண்ணீர், நடுவில் தீவுக்குப் போகும் நீண்ட பாதை. பாலத்தில் ஏறும்போது டிரைவர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டு, ஹோர்னில் கையை வைத்து அழுத்தினார்.

பஸ் முழுவதும் பதில் சொன்னது.